ஈஸ்டர் சொல்லும் நம்பிக்கை எது? ஓர் எளிய விளக்கம்

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பதினொரு நாளும் வராந்தாவில் நான் அதிகம் கேட்ட சொல் ‘நம்பிக்கை’தான். “நம்பிக்கையா இருங்க, ஒண்ணும் ஆகாது” என்றார் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன். “மனச விட்டுறாதீங்க, அவர் போராடி வந்துருவாரு” என்றார் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஜெபிக்க வந்த ஒரு சகோதரி, “விசுவாசம் குறைஞ்சாதான் பயம் வரும், பயப்படாதீங்க” என்று என் தலைமேல் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். மூவரும் அன்போடுதான் சொன்னார்கள். இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் முடிந்த அந்த வாரத்திலேயே அப்பா இறந்துபோனார்.

ஈஸ்டர் வந்தால் இந்தச் சொல் எங்கும் புழங்கும். வாழ்த்துச் செய்தியில், பிரசங்கத்தில், துக்கம் விசாரிக்கும் இடத்தில். ஆனால் கிறிஸ்தவம் ஈஸ்டரை வைத்துச் சொல்லும் நம்பிக்கை, வராந்தாவில் நான் கேட்ட மூன்றில் எதுவுமே இல்லை. அது தெரியாமல் போவதால்தான் எத்தனையோ பேர், ஜெபித்தது நடக்காதபோது, தங்கள் நம்பிக்கையே பொய்யென்று உடைந்துபோகிறார்கள். விவிலியம் வாசித்துப் பழகாதவருக்கும் புரியும்படி இதை அடியிலிருந்து பார்க்கலாம்.

ஒரே சொல், பல வேலை

குழப்பத்தில் பாதி மொழியிலேயே இருக்கிறது. தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. “அவன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு” என்றால் ஓர் ஆளைச் சார்ந்து நிற்பது. “வேலை கிடைக்கும்னு நம்பிக்கை இருக்கு” என்றால் வரப்போவதைக் காத்திருப்பது. “நம்பிக்கையா பேசு” என்றால் தன்னம்பிக்கை.

இந்தக் குழப்பம் விவிலிய மொழிபெயர்ப்புக்குள்ளேயே தெரிகிறது. தொடக்கத் திருச்சபையின் தூதரான பவுல் கொரிந்தியருக்கு, அதாவது கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு, எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம் மூன்று பண்புகளைச் சொல்லி முடியும். பழைய மொழிபெயர்ப்பில் அவை “விசுவாசம், நம்பிக்கை, அன்பு”. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் “நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு”. ஒன்றில் இரண்டாம் இடத்தில் இருக்கும் அதே சொல் மற்றொன்றில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. ஒரே வீட்டில் பாட்டி ஒன்றும் பேத்தி ஒன்றும் வாசித்தால், ஒரே சொல்லை வைத்து இருவர் வேறுவேறு பொருள் கொள்வார்கள்.

இந்தக் கட்டுரைக்கு இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். ஓர் ஆளின்மேல், அதாவது கடவுள்மேல், சாய்ந்து நிற்பது விசுவாசம். அப்படிச் சாய்ந்து நிற்பதால், இன்னும் கைக்கு வராத ஒன்றை உறுதியோடு காத்திருப்பது எதிர்நோக்கு. முதலாவது ஆளைப் பற்றியது, இரண்டாவது காலத்தைப் பற்றியது. ஈஸ்டரைப் பற்றிப் பேசும்போது நாம் தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதை.

அச்சாரம் கொடுத்த வீடு

விருப்பம் வேறு, எதிர்நோக்கு வேறு. “நாளைக்கு மழை பெய்தால் நன்றாயிருக்கும்” என்பது விருப்பம். நான் ஆசைப்படுவதால் மேகம் கூடாது. பெய்யாவிட்டால் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

இப்போது ஒரு வீட்டை விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பல மாதமாக வந்து பார்த்துப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒருநாள் ஒருவர் வந்து அச்சாரம் கொடுத்துவிடுகிறார். முழுப் பணம் இன்னும் வரவில்லை, பத்திரம் பதியவில்லை. வீடு நேற்று போலத்தான் நிற்கிறது. ஆனால் வீட்டுக்காரரின் நடவடிக்கை அன்று மாலையே மாறிவிடுகிறது. வேறு யாரும் கேட்டால் “முடிஞ்சிருச்சு” என்கிறார். பழைய சாமான்களைக் கட்டத் தொடங்குகிறார். மீதி வரும் என்று அவர் இருப்பது வெறும் ஆசையில் இல்லை. கையில் ஒரு பங்கு ஏற்கனவே வந்துவிட்டது.

இந்தச் சொல்லை நானாகக் கொண்டுவரவில்லை. எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் தூய ஆவியை ‘அச்சாரம்’ என்றே பழைய தமிழ் விவிலியம் சொல்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லும் வியாபாரத்தில் முன்பணத்துக்குப் புழங்கியதுதான். கிறிஸ்தவ எதிர்நோக்கின் கட்டுமானமே இதுதான். பின்னால் நடந்துவிட்ட ஒன்றில் காலை ஊன்றி, முன்னால் வரவேண்டிய ஒன்றைப் பார்ப்பது. அச்சாரமே வரவில்லை என்றால் மிச்சம் எல்லாம் மழை ஆசைதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விசுவாசம் ஆளைச் சார்ந்தது, எதிர்நோக்கு அந்த ஆளை நம்பி எதிர்காலத்தைக் காத்திருப்பது. அந்தக் காத்திருப்புக்கு ஏற்கனவே நடந்த ஒன்று ஆதாரமாக வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு அந்த ஒன்று ஈஸ்டர்.

உயிர்த்தெழுந்தார் என்றால் என்ன பொருள்?

இங்கே ஒரு பெரிய தவறான புரிதல் உண்டு. இறந்தவர் திரும்பக் கண் திறந்தார், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். விவிலியத்தில் அப்படி எழுந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. பெத்தானியாவின் லாசர் நான்காம் நாள் கல்லறையிலிருந்து வெளியே வந்தார். ஆனால் அவர் திரும்பிவந்தது பழைய வாழ்க்கைக்கு. மறுபடி ஒருநாள் இறக்கத்தான் வேண்டும். கதவைத் திறந்து உள்ளே போனவர் அதே கதவு வழியாகத் திரும்பி வந்ததுபோல.

இயேசுவைப் பற்றித் திருச்சபை சொல்வது வேறு. அவர் அந்தக் கதவின் மறுபக்கமாக வெளியேறினார், இனி அவருக்கு இறப்பு இல்லை என்கிறது. இதைத்தான் உயிர்ப்பு என்கிறோம்: சாவுக்குத் திரும்பாத புதிய வாழ்வு. பவுல் இதற்கு ஒரு வயல்காட்டுச் சொல்லைப் பயன்படுத்துகிறார்: முதற்பலன். அறுவடையில் முதலில் முற்றிய கதிரைக் கொய்து கடவுளுக்குக் கொண்டுவருவது அன்றைய யூத வழக்கம். அந்த ஒரு கட்டு முழு விளைச்சல் ஆகாது. ஆனால் வயல் முற்றிவிட்டது, மீதியும் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. இயேசு முதல் கதிர், பின்னால் நாமும் வருவோம் என்பது பவுலின் வாதம்.

அவர் இதை எழுதியது முன்பு சொன்ன அதே கொரிந்தியர் முதல் கடிதத்தில்தான். அது கி.பி. 50களின் நடுவில், சிலுவைச் சாவுக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. உயிர்த்தவரைக் கண்டவர்கள் என்று ஒரு பட்டியலே தருகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அத்தோடு நிற்கவில்லை. கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று தன் வாதம் விழக்கூடிய இடத்தையும் அவரே காட்டிவிடுகிறார். இந்த நேர்மை எனக்கு எப்போதும் பிடிக்கும். “நம்பினால் மனசுக்கு நல்லது” என்று அவர் எங்கும் சமாளிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயிர்த்தவர் சீடர்களிடம் முதலில் காட்டியது கைகளையும் விலாவையும். காயங்கள் மறையவில்லை. புதிய வாழ்வு வந்ததும் பழைய வலி நடக்கவே இல்லை என்று அழித்தெழுதப்படவில்லை. இழப்பில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் “எல்லாம் மறந்துபோகும்” என்று நமக்குச் சொல்பவர்கள்தான் அதிகம்.

எட்டு நாள் கழித்தும் பூட்டியிருந்த கதவு

எதிர்நோக்கு புரிந்துவிட்டது, சரி. தைரியம் எப்படி வருகிறது? ஈஸ்டர் காலையில் கல் புரண்டது, சீடர்கள் சிங்கங்களாக வெளியே பாய்ந்தார்கள் என்றுதான் நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி நூல்களை நிதானமாக வாசித்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகள் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. வெறும் கல்லறையைப் பார்த்த பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அந்தக் கடைசி வரி. ஈஸ்டரின் முதல் விளைவு பயம்!

யோவான் நற்செய்தியில் இயேசுவைப் பின்பற்றிய மகதலா மரியா இருட்டோடு கல்லறைக்கு வருகிறார். உயிர்த்தவரையே எதிரில் பார்த்தும் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். அழுத கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. “மரியா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது. அன்று மாலை சீடர்கள் பயத்தினால் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இயேசு நடுவில் வந்து நின்று, “உங்களுக்குச் சமாதானம்” என்கிறார். பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். எட்டு நாள் கழித்து, அன்று அங்கே இல்லாத தோமா என்ற சீடருக்காக மறுபடி வருகிறார். அப்போதும் கதவு பூட்டித்தான் இருந்தது என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார்.

எத்தனையோ முறை கேட்ட பகுதிதான் இது. அப்பா போன பிறகு வாசித்தபோதுதான் அந்தப் பூட்டு என் கண்ணில் பட்டது. உயிர்த்தவரை நேரில் பார்த்தவர்களுக்கே பூட்டைத் திறக்க ஒரு வாரத்துக்குமேல் ஆகியிருக்கிறது. “விசுவாசம் குறைஞ்சாதான் பயம் வரும்” என்ற பேச்சை நான் மனதிலிருந்து இறக்கி வைத்தது அந்த இடத்தில்தான். இயேசு கதவை உடைக்கவில்லை. ஏன் பூட்டினீர்கள் என்று அதட்டவும் இல்லை. பூட்டிய அறைக்குள்ளேயே வந்து நின்றார்.

எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களின் கதை லூக்கா நற்செய்தியில் வருகிறது. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர். “நம்பியிருந்தோம்” என்கிறார்கள். அந்த இறந்தகாலத்தில் அவர்களின் மனநிலை முழுவதும் இருக்கிறது. கூடவே நடக்கும் வழிப்போக்கர் யாரென்று தெரியவில்லை. சாப்பாட்டில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போது தெரிகிறது. அதே நேரம் எழுந்து, இரவோடு இரவாக, பயந்து விட்டுவந்த ஊருக்கே திரும்பி நடக்கிறார்கள். தைரியம் கண்ணுக்குத் தெரியும் முதல் இடம் இதுதான். அது வீரவசனமாக வரவில்லை, கால் திரும்பிய திசையாக வந்தது.

சீடர்களில் முதன்மையானவரான பேதுருவின் கதை இன்னும் நுட்பமானது. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, “அந்த ஆளை எனக்குத் தெரியாது” என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். உயிர்த்த பின் கடற்கரையில் இயேசு அவருக்காக ஒரு கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துக் காத்திருக்கிறார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. அதே புகை, அதே வாசனை. அங்கே உட்காரவைத்து, “நீ என்னை நேசிக்கிறாயா?” என்று மூன்று முறை கேட்கிறார். விழுந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டுபோய், அங்கிருந்தே தூக்கிவிடுகிறார்.

பிறகு ஐம்பதாம் நாள். பெந்தெகொஸ்து என்றால் கிரேக்கத்தில் ‘ஐம்பதாவது’ என்றே பொருள். அன்று தூய ஆவி இறங்கியதும் அதே பேதுரு கூட்டத்துக்கு முன் எழுந்து பேசுகிறார். அதன் பின் கைதாகி யூதர்களின் தலைமைச் சங்கத்தின் முன் நிற்கும்போது, படிக்காத இந்த ஆட்களுக்கு இவ்வளவு தைரியமா என்று எல்லோரும் வியக்கிறார்கள். அங்கே வரும் சொல் பாரேசியா. ஒளிவுமறைவில்லாமல் வாய் திறந்து பேசும் துணிவு என்று பொருள். விடுதலையாகி வந்ததும் சீடர்கள் கூடி ஜெபித்ததில் எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம் உண்டு. மிரட்டலை நீக்கும் என்று கேட்கவில்லை. மிரட்டலைப் பாரும், எங்களுக்குத் துணிவைத் தாரும் என்றுதான் கேட்கிறார்கள். வந்த துணிவு தீர்ந்துபோகக் கூடியது, மறுபடி மறுபடி கேட்டு வாங்க வேண்டியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆக, தைரியம் என்பது பயம் இல்லாமல் இருப்பது என்று விவிலியம் எங்கும் சொல்லவில்லை. நடுங்கும் ஒருவர் தேடி வந்தவரைக் கண்டுகொள்கிறார். அதனால் ஒரு சின்னக் காரியம் செய்ய முடிகிறது. அதிலிருந்து அடுத்தது.

1945 ஏப்ரல் 8

இது அன்றோடு முடிந்த கதை இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மனியின் லுத்தரன் போதகர். ஹிட்லருக்கு எதிராக இயங்கியவர்களோடு சேர்ந்ததால் 1943 ஏப்ரலில் கைதானார். இரண்டு ஆண்டு சிறை. 1945இல் ஈஸ்டர் ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு, ஏப்ரல் 8, ஷோன்பெர்க் என்ற ஊரில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் மற்ற கைதிகளோடு அடைத்து வைக்கப்பட்டிருந்தார். சக கைதிகள் கேட்டுக்கொண்டதால் அங்கே ஒரு சிறிய வழிபாடு நடத்தினார். அன்றைய வாசகங்கள் இரண்டு. ஒன்று ஏசாயா 53: அவருடைய காயங்களால் நாம் குணமடைகிறோம். மற்றது பேதுருவின் முதல் கடிதத்தின் தொடக்கம்: இயேசு கிறிஸ்து உயிர்த்தெழுந்ததால் உயிருள்ள எதிர்நோக்குக்கென்று புதிதாய்ப் பிறந்திருக்கிறோம்.

வழிபாடு முடிந்த சற்று நேரத்தில் ஆட்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை ஃப்ளோசென்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். அந்த முகாமை அமெரிக்கப் படை விடுவித்தது ஏப்ரல் 23. இரண்டே வாரம்.

எதிர்நோக்கு என்றால் “நல்லபடியா முடியும்” என்பதுதான் பொருளானால், அந்த ஞாயிறு வாசகம் பொய்த்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். அச்சாரத்தை நினைத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது. அவர் சாய்ந்து நின்றது தன் விடுதலைத் தேதியின்மேல் இல்லை.

அழக் கூடாதா?

அழலாம். லாசரை எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அவர் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். எதிர்நோக்கு உள்ளவர் துக்கப்படக் கூடாது என்று பவுலும் சொல்லவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றார். நோய் குணமாகாதது விசுவாசக் குறைவு என்று நோயாளியின் காதுபடப் பேசுவது ஈஸ்டரைப் புரிந்துகொள்ளாத பேச்சு. தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

மறுமையை நினைத்துக்கொண்டு இந்த உலகை விட்டுவிடச் சொல்வதா இது? பவுல் உயிர்ப்பைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதி, உங்கள் உழைப்பு வீணாகாது என்று முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வரியே எருசலேமில் இருந்த விசுவாசிகளுக்குக் காணிக்கை சேர்ப்பதைப் பற்றியது. வானத்தைப் பற்றிப் பேசிவிட்டு நேராகப் பணப்பையைத் திறக்கச் சொல்கிறார்.

ஒரு நாள் இல்லை, ஐம்பது நாள்

கடைசியாக ஒரு விவரம். தவக்காலம், சிலர் லெந்து நாட்கள் என்பார்கள், நாற்பது நாள். அது பலருக்குத் தெரியும். ஈஸ்டர் காலம் அதைவிட நீளம், பெந்தெகொஸ்து வரை ஐம்பது நாள் என்பது சபைக்குப் போகிறவர்களுக்கே மறந்துபோகிறது. திங்கட்கிழமையே பண்டிகை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். பூட்டிய கதவு, எம்மாவு, கரிநெருப்பு எல்லாம் இந்த நாட்களில்தான் மெல்ல மெல்ல வாசிக்கப்படுகின்றன. தொடங்க விரும்புகிறவர் லூக்கா 24, யோவான் 20, 21 இந்த மூன்று அதிகாரத்தை மட்டும், நாளுக்கு ஒரு காட்சியாக, அவசரப்படாமல் வாசிக்கலாம். எந்த ஆளின் இடத்தில் தான் இப்போது நிற்கிறோம் என்று பார்த்தால் போதும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஈஸ்டருக்கு முந்தின இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். பாஸ்காத் திரி என்று பெயர். அதில் சிலுவையும், அந்த ஆண்டின் நான்கு எண்களும், ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளும் பதித்திருக்கும். அந்த ஆண்டில் திருமுழுக்குப் பெறும் பிள்ளைகளின் திரியை அதிலிருந்துதான் ஏற்றுவார்கள். அந்த ஆண்டில் இறப்பவர்களின் பெட்டிக்குப் பக்கத்திலும் அதையே நிறுத்துவார்கள்.

அப்பா மருத்துவமனையில் இருந்த ஆண்டு அந்த இரவு வழிபாட்டுக்கு நான் மட்டும் போய்விட்டு, விடிந்ததும் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, “திரி ஏத்தினாங்களா?” என்று கேட்டார். “ஏத்தினாங்கப்பா” என்றேன். “காத்துல அணையலையே?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் கோயிலில் அவர் பெட்டியருகே அந்தத் திரி நின்றது. ஒரு விரலளவு குறைந்திருந்தது. அம்மா அதன் அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். உருகி வழிந்த மெழுகு அந்த ஆண்டின் கடைசி எண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது.